நேரத்தே

எடைமேடையில் பிரிண்டர் போய் ஐந்து மாதம்.
முதலாளி திருநெல்வேலியில் இருக்கிறார்.
அதனால் சீட்டு கையால்தான்:
வண்டி எண், சரக்கு, மொத்த எடை,
அடியில் கையெழுத்து, மாசானம்.
புளியரை வளைவில் ஏறுமுன்
கடைசி எடைமேடை எங்களுடையது.

ஒரு விடியலில் எம்-சாண்ட் லாரி சுகதன்
சீட்டோடு திரும்பி வந்தான்.
செக்போஸ்ட்டில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்களாம்.
"அண்ணா, இது பதினேழா பதினொண்ணா?"
பதினேழு.
ஆறு டன் வித்தியாசம்,
ஒரு சின்னக் கோடு கோணியதில்.

பனி என்றேன். பேனா சரியில்லை என்றேன்.
நைட் ஷிப்ட் குளிருக்கென்று தொடங்கியது
மூன்று வாரமாக
ஒரு மூடி உள்ளே போனால்தான்
விரல் பேனாவைப் பிடிக்கிறது.
இதை அவனிடம் சொல்லவில்லை.

"உனக்கென்னடே," என்றார்கள் கடையில்.
"ஓடையிலயா கிடக்க?
வேலைக்குப் போற. பொண்டாட்டி சங்கிலி
பொண்டாட்டி கழுத்துல கிடக்கு.
ஆஸ்பத்திரியெல்லாம் முத்தினவனுக்கு."
எனக்கும் அதே கணக்குதான்.
தங்கப்பழத்துக்கு நான் தேவலை.
வருஷக்கணக்காய் என்னிடம் இருந்த ஒரே படிக்கல்
தங்கப்பழம்.
மார்கழியில் அவனைக் கொண்டுபோனோம்.
திரும்பி வரும்போது பார்த்தேன்,
வரிசையில் எனக்கு முன்னால் யாருமில்லை.

சமதளத்தில் எல்லா லாரியும் நல்ல லாரி.
ஏற்றத்துக்கு முன்னால் எடை போடுவது எங்கள் வேலை.
கவிழ்ந்த பிறகு எடை போடுவது போலீஸ் வேலை.
ஒன்பது வருஷம் இதை டிரைவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்,
சிரித்துக்கொண்டே, வாயைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு.

தென்காசி பக்கம்தான்.
ஆனால் மருந்து கொடுக்கும் ஜன்னலில்
முப்பிடாதியின் சித்தி மகன் உட்கார்ந்திருக்கிறான்.
பிரிண்டர் ரிப்பேர் என்று அவளிடம் சொல்லிவிட்டு
மேற்கே போகும் முதல் பஸ்.
ஆரியங்காவில் மழை பிடித்தது.
ஷட்டரை இறக்க எனக்குக் கை வரவில்லை.
பக்கத்தில் இருந்த ரப்பர் வெட்டும் அம்மா
ஒன்றும் கேட்காமல் இறக்கிவிட்டாள்.

புனலூர். டோக்கன் ஆறு.
நர்ஸ் என் பெயரைப் படித்து, நிறுத்தி,
மறுபடி படித்தாள்.
மலையாளத்தில் அது சுடுகாடு மாதிரி கேட்கும்.
பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் சின்னப் பெண். கையை நீட்டச் சொன்னாள்.
இரண்டு கையும் அவள் மேஜைமேல்
யாரோ விட்டுப்போன பொருள்போல் நடுங்கின.
காலையில் குடிப்பது எப்போதிலிருந்து?
மூன்று வாரம்.
அடித்தது உண்டா? இல்லை.
விழுந்தது? இல்லை.
ஒவ்வொரு இல்லைக்கும் எனக்குக் கூச்சமாக இருந்தது,
கடன் கேட்கப் போன இடத்தில்
சட்டைப்பையில் பணத்தோடு நிற்பவன்போல்.

அவள் எழுதி முடித்து நிமிர்ந்தாள்.
"நேரத்தே வந்நல்லோ. நன்னாயி."
"அஞ்சே முக்கால் பஸ் டாக்டர்," என்றேன்.
அவள் சிரித்துவிட்டாள்.
சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இல்லை என்று தலையாட்டி,
என் கையைக் காட்டினாள்.

பிறகு தமிழில், மெதுவாக:
நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வரலாம்.
மாத்திரையோடு, நான் சொல்லும் விதத்தில்.
முதல் நான்கு நாள் தனியாக இருக்கக்கூடாது.
வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

இத்தனை தூரம் வந்தது
அந்த ஒருவருக்குத் தெரியாமல் இருக்கத்தான்.

இரவு முப்பிடாதி கேட்டாள், "பிரிண்டர் என்னாச்சு?"
கவரைக் கவிழ்த்தேன்.
"பார்ட்ஸ் வாங்கிருக்கேன். ஏழு நாளைக்கு."
அவள் ஒரு அட்டையை எடுத்து
விளக்கடியில் முன்னும் பின்னும் திருப்பினாள்.
அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அவள் போகவில்லை.
"ஏழு வாரமா நானும்
உங்க டம்ளரத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்,"
என்றாள். அப்புறம்,
"இது சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"